கடிகாரத்தின் நடை

பத்தாயிரமோ பதினைந்தாயிரமோ கொடுத்து வாங்கிய புது ஆட்டோமேட்டிக் வாட்ச். பேட்டரி கிடையாது. பின்மூடிக் கண்ணாடி வழியே உள்ளே சக்கரம் அசைவதைப் பார்க்கலாம். கட்டிய முதல் வாரத்திலேயே சந்தேகம் வந்துவிடுகிறது. செல்போனோடு ஒப்பிட்டால் நாளுக்கு 15 விநாடி முந்துகிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் குவார்ட்ஸ் வாட்ச்கூட ஒரு மாதம் முழுவதற்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் தவறும். அப்படியானால் இது குறையுள்ள சரக்கா?

பெரும்பாலும் இல்லை. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. இன்று நடுத்தர விலையில் விற்கும் ஆட்டோமேட்டிக்குகள் பலவற்றின் உள்ளே இருப்பது சீகோ குழுமத்தின் என்ஹெச்35 எந்திரம், அல்லது சிட்டிசன் குழுமத்தின் மியோட்டா 8215. இரண்டும் மணிக்கு 21,600 முறை, அதாவது விநாடிக்கு 6 முறை 'டிக்' அடிப்பவை. ஒரு நாளில் 5,18,400 அடி. அதில் 15 விநாடிப் பிழை என்பது 90 அடி. எண்ணெயும் எஃகும் பித்தளையும் கொண்ட ஒரு பொருள் 5,760 பங்கில் ஒரு பங்குதான் தவறுகிறது. இந்த இரண்டு எந்திரங்களுக்கும் தயாரிப்பாளர்கள் அறிவித்திருக்கும் வரம்பு நாளுக்கு 20 விநாடி பிந்துவது முதல் 40 விநாடி முந்துவது வரை. சுவிட்சர்லாந்தில் 'குரோனோமீட்டர்' சான்று பெறும் விலையுயர்ந்த வாட்ச்களுக்கே சராசரியாக 4 விநாடி பிந்தலாம், 6 விநாடி முந்தலாம் என்று இடம் விட்டிருக்கிறார்கள்.

எனவே 15 விநாடி என்ற எண்ணைக் கண்டு கலங்க வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. நேற்றும் 15, இன்றும் 15, நாளையும் 15 தானா? இன்று 15 முந்தி, நாளை 5 பிந்தி, மறுநாள் 20 முந்துகிறதா? தினமும் ஒரே அளவு தவறுகிற வாட்ச் நல்ல வாட்ச். அதைத் திருத்த ஒரு மெக்கானிக்குக்குச் சில நிமிடங்கள் போதும். நாளுக்கு ஒரு விதமாக நடக்கும் வாட்ச்சை, அதன் சராசரி பூஜ்யமாகவே இருந்தாலும், யாராலும் அப்படித் திருத்திவிட முடியாது. ஆனால் புது வாட்ச் வாங்கியவர்கள் செய்வது என்ன? காலையில் எழுந்ததும் செல்போனைப் பார்த்து முள்ளைத் திருப்பிச் சரிசெய்துவிடுகிறார்கள். அதோடு அதன் நடை பற்றிய தடயமும் அழிந்துவிடுகிறது.

பிழையைத் திருத்தும் முன் பிழையை எழுதிவைக்கும் பழக்கத்தைப் பார்க்க நம் திண்டுக்கல்காரர்கள் மாவட்ட எல்லையைத் தாண்ட வேண்டியதில்லை. மலை ஏறினால் போதும். கொடைக்கானல் வானாய்வகம் 1899இல் தொடங்கப்பட்டது. அதன் தாய்வீடு சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகம். வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 1786இல் சொந்தமாக ஏற்படுத்தியதை, கம்பெனி ஏற்று 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிடம் எழுப்பியது. அங்கிருந்த கருவிகளில் ஒன்று, லண்டன் கடிகாரக் கலைஞர் ஜான் ஷெல்டன் செய்த ஊசல் கடிகாரம். கேப்டன் குக்கின் கடற்பயணத்தோடு சென்ற வானியல் கடிகாரத்தைச் செய்தவரும் இதே ஷெல்டன்தான். மெட்ராஸின் வானியல் பணி மலைக்கு மாறியபோது அந்தக் கடிகாரமும் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தது.

அத்தகைய கடிகாரத்தோடு வானியலாளர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தென்வடல் கோட்டில் நிலையாகப் பொருத்திய தொலைநோக்கியில், மெல்லிய இழை ஒன்றை ஒரு விண்மீன் கடக்கும் தருணத்துக்காகக் காத்திருப்பார்கள். கண் விண்மீன் மேல் இருக்கும். காது ஊசலின் அடியை எண்ணிக்கொண்டிருக்கும். இரண்டு அடிகளுக்கு நடுவே எந்தப் புள்ளியில் விண்மீன் இழையைத் தொட்டது என்பதைப் பத்தில் ஒரு விநாடி அளவுக்கு மதிப்பிட்டு எழுதுவார்கள். அந்த விண்மீன் எப்போது கடக்க வேண்டும் என்பது அட்டவணையில் இருக்கும். வித்தியாசம்தான் கடிகாரத்தின் பிழை. நேற்றைய பிழைக்கும் இன்றைய பிழைக்கும் உள்ள வித்தியாசம் கடிகாரத்தின் நடை. பிழை இருக்கிறதே என்று முள்ளை நகர்த்த மாட்டார்கள். பதிவேட்டில் எழுதிவிட்டுக் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். நடை மாறாமல் இருக்கும் வரை பிழை எவ்வளவு என்பது அவர்களுக்குப் பொருட்டே இல்லை. இந்தக் கணக்கிலிருந்து பிறந்த மெட்ராஸ் நேரம்தான் தந்திக் கம்பி வழியே போய், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்களை ஓட்டியது. 1906 ஜனவரி 1இல் இன்றைய இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தபோது, மெட்ராஸ் நேரம் அதைவிட ஏறக்குறைய 9 நிமிடம் பின்தங்கியிருந்தது. திண்டுக்கல்லின் சொந்தச் சூரிய நேரம் மெட்ராஸைவிட இன்னும் 9 நிமிடம் பின்னால். இங்கே சராசரியாகப் பகல் 12:18க்குத்தான் சூரியன் உச்சிக்கு வருகிறது.

ஊசல் கடிகாரத்தை மலைக்குக் கொண்டுபோனால் இன்னொன்றும் நடக்கும். ஊசலை இழுப்பது பூமியின் ஈர்ப்பு. வானாய்வகம் கடல்மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஈர்ப்பு சற்றுக் குறைவு. ஊசல் சற்று மெதுவாக ஆடும். சென்னையில் மிகச் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் கொடைக்கானலில் நாளுக்குச் சுமார் அரை நிமிடம் பிந்தும். இதைச் சரிசெய்ய, விநாடிக்கு ஓர் அடி அடிக்கும் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீள ஊசலை 0.7 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுக்கினால் போதும். 1672இல் பாரிசிலிருந்து தென் அமெரிக்காவின் கயேனுக்குப் போன ழான் ரிஷே, தன் கடிகாரம் அங்கே நாளுக்கு இரண்டரை நிமிடம் பிந்துவதைக் கண்டார். பூமி முழு உருண்டை அல்ல என்ற வாதத்துக்கு அது ஒரு தொடக்கச் சான்றானது.

கைக்கடிகாரத்தில் ஊசல் இல்லை. அந்த இடத்தில் இருப்பது பேலன்ஸ் சக்கரம். அதன் அச்சில் மயிரிழை போன்ற ஒரு சுருள். மெக்கானிக்குகள் ஹேர்ஸ்பிரிங் என்பார்கள். சக்கரம் ஒரு பக்கம் சுழன்றால் சுருள் அதைத் திருப்பி இழுக்கும். தாண்டிப் போனால் மறுபக்கம் இழுக்கும். கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1675இல் இதை வெளியிட்டார். சுருளின் விறைப்பும் சக்கரத்தின் எடை பரவியிருக்கும் விதமும் சேர்ந்துதான் வேகத்தை முடிவுசெய்கின்றன. ஈர்ப்பின் அளவு அந்தக் கணக்கில் இல்லை. அதனால் கீழே சமவெளியில் இருக்கும் நத்தத்திலிருந்து கொடைக்கானல் போனாலும் உயரத்தின் காரணமாக வாட்ச் அரை நிமிடம் பிந்தாது.

ஆனால் ஈர்ப்பின் அளவைப் பொருட்படுத்தாத வாட்ச், ஈர்ப்பின் திசையைப் பொருட்படுத்தும். சைக்கிள் கடையில் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுப் பாருங்கள். சுற்றி அடங்கும்போது வால்வு உள்ள பக்கம் கீழே வந்து நிற்கும். அந்தச் சிறு எடை போதும். பேலன்ஸ் சக்கரத்திலும் எங்கோ ஒரு பக்கம் துளியிலும் துளி எடை கூடியிருக்கும். வாட்ச் படுத்திருக்கும்போது அது எதையும் செய்யாது. நிமிர்ந்து நின்றால், அந்த எடை சுருளின் வேலையில் குறுக்கிடும். சாவி (பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் குமிழ்) மேலே இருந்தால் முந்தும், கீழே இருந்தால் பிந்தும், அல்லது நேர்மாறாக. எந்தப் பக்கம் எப்படி என்பது ஒவ்வொரு வாட்ச்சுக்கும் வேறு. இதில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை ஒன்று உண்டு. பேலன்ஸ் சக்கரம் நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 220 பாகை ஆடும்போது இந்தக் கோளாறு தானாகவே மறைகிறது. அதற்குக் கூடினால் ஒரு விதமாகவும் குறைந்தால் எதிர் விதமாகவும் பிழை வரும். முழுச் சாவி கொடுத்த நல்ல வாட்ச் 270 பாகைக்கு மேல் ஆடும். நாள் முழுக்க ஓடி ஸ்பிரிங் தளர்ந்ததும் ஆட்டம் குறையும். அதனால் காலையில் முந்துகிற ஒரு நிலையிலேயே மறுநாள் பிந்தவும் கூடும். அளவெடுக்கும் நாட்களில் சாவியைத் தினமும் ஒரே நேரத்தில், ஒரே அளவு கொடுக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். கையால் சாவி கொடுக்கும் எச்எம்டி ஜனதா வாட்ச் கட்டியவர்கள் தினமும் காலையில் சாவி கொடுத்த பழக்கம் வாட்ச் நிற்காமல் இருக்க மட்டும் உதவவில்லை. ஆட்டத்தைத் தினமும் ஒரே இடத்திலிருந்து தொடங்கிவைத்தது.

அடுத்தது நம் ஊர் வெயில். பழைய வாட்ச்களுக்கு வெப்பம்தான் பெரிய எதிரி. பித்தளைச் சக்கரமும் சாதாரண எஃகுச் சுருளும் கொண்ட வாட்ச், வெப்பம் 33 டிகிரி செல்சியஸ் கூடினால் நாளுக்கு 393 விநாடி பிந்தும் என்று பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கடிகார அறிஞர் ஃபெர்டினான் பெர்த்தூ கணக்கிட்டார். உலோகம் விரிவதால் வரும் பிழை அதில் சிறு பங்குதான். 312 விநாடி, சூட்டில் சுருளின் விறைப்பு தளர்வதால் மட்டும் வருகிறது. அந்தக் கணக்கைத் திண்டுக்கல்லுக்குப் போட்டுப் பாருங்கள். மே மாதப் பிற்பகலில் கீழே 38 டிகிரி, அதே நேரம் கொடைக்கானலில் 20 டிகிரிக்குக் கொஞ்சம் கூட. அப்படிப்பட்ட வாட்ச் இரண்டு ஊர்களுக்கும் நடுவே நாளுக்கு மூன்று நிமிடத்துக்கும் மேல் வேறுபடும்.

இதைத் தீர்த்தவர் சுவிஸ் இயற்பியலர் சார்ல் எதுவார் கியோம். நிக்கலும் இரும்பும் கலந்த கலவைகளை ஆராய்ந்து, வெப்பத்தில் மிகக் குறைவாகவே விரியும் இன்வார், விறைப்பு ஏறக்குறைய மாறாத எலின்வார் ஆகியவற்றைக் கண்டார். 1920இல் இயற்பியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. இன்றைய ஹேர்ஸ்பிரிங்குகள் அந்த வழியில் வந்தவை. குரோனோமீட்டர் சான்றுக்கான சோதனை 15 நாள் நடக்கிறது. ஐந்து நிலைகளில் வைத்து, 8, 23, 38 டிகிரி ஆகிய மூன்று வெப்பநிலைகளில் பார்க்கிறார்கள். 8 என்பது கொடைக்கானலின் மார்கழி இரவு. 38 என்பது நம் சமவெளியின் கத்திரி வெயில். ஒரே மாவட்டத்துக்குள் அந்தச் சோதனையின் இரண்டு முனைகளும் இருக்கின்றன. அந்தச் சோதனையில் ஒரு டிகிரிக்கு அனுமதிப்பது நாளுக்கு 0.6 விநாடி வித்தியாசம். பெர்த்தூவின் வாட்ச்சோடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்கு.

சான்று இல்லாத சாதாரண எந்திரத்துக்கு இந்த உத்தரவாதம் கிடையாது. சீகோவின் ஆட்டோமேட்டிக் வாட்ச்களோடு வரும் கையேட்டில், சொல்லியிருக்கும் துல்லியம் 5 முதல் 35 டிகிரி வரை, கையில் கட்டியிருக்கும்போது என்று குறித்திருப்பார்கள். நம் கோடையில் மேஜை மேல் கிடக்கும் வாட்ச் அந்த எல்லையைத் தாண்டிவிடும். கையில் இருக்கும்போது தோலின் சூடு அதை ஓரளவு ஒரே நிலையில் வைத்திருக்கிறது. கழற்றி காரின் முன்கண்ணாடி அடியில் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போகிறவர்கள் வாட்ச்சுக்குச் செய்யும் கெடுதல் பெரிது. அந்தச் சூட்டில் எண்ணெயும் கெடும்.

காந்தத்தையும் மறக்கக் கூடாது. 15 விநாடி முந்திக்கொண்டிருந்த வாட்ச் ஒரே இரவில் நாளுக்குப் பல நிமிடம் முந்த ஆரம்பித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். ஸ்பீக்கர், காந்தப் பிடி வைத்த பர்ஸ், லேப்டாப் மூடி ஆகியவற்றின் பக்கத்தில் வைத்திருந்தால் சுருளின் வளையங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். சுருள் குட்டையானது போல ஆகி வேகம் கூடும். சிறிய திசைகாட்டி ஒன்றை வாட்ச் அருகே கொண்டுபோனால் முள் துடிக்கும். கடையில் காந்தம் நீக்கும் பெட்டி இருக்கும்; சில விநாடி வேலை.

நடையை எப்படி அளப்பது? வாங்கியதும் சில வாரம் விட்டுவிடுங்கள். புது எண்ணெய் பரவி, பாகங்கள் ஒன்றுக்கொன்று பழக அவகாசம் தேவை. பிறகு ஒருமுறை விநாடி வரைக்கும் சரியாக வைத்துவிட்டு, அதற்குப் பின் முள்ளைத் தொடாமல் தினமும் ஒரே வேளையில் வித்தியாசத்தைக் குறித்து வாருங்கள். இந்திய நேரத்தைக் காப்பது டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சீசியம் அணுக் கடிகாரங்கள். இணைய நேரத்தோடு ஒத்திசைந்த செல்போன் நம் வேலைக்குத் தாராளம். டிவியில் ஓடும் கடிகாரத்தை நம்ப வேண்டாம். செயற்கைக்கோள் வழியே வரும் படம் சில விநாடி தாமதமாகத்தான் வீட்டுக்கு வருகிறது.

நாள்வரிசையாக எண்கள் சேர்ந்ததும், இரவு கழற்றி வைக்கும் நிலையை மாற்றிப் பாருங்கள். முகம் மேலே பார்க்கச் சில இரவு, சாவி கீழே வரும்படி நிமிர்த்திச் சில இரவு, சாவி மேலே வரும்படி சில இரவு. படுக்கும் முன் ஒருமுறை, எழுந்ததும் ஒருமுறை குறித்தால் ஒவ்வொரு நிலையின் நடையும் தெரிந்துவிடும். பகலில் கையில் 6 விநாடி முந்தும் வாட்ச் இரவில் ஒரு குறிப்பிட்ட நிலையில் 5 விநாடி பிந்துமானால், அதை அப்படியே வைத்துத் தூங்கலாம். மூடியைத் திறக்காமலே வாட்ச் நாளுக்கு ஒரு விநாடிக்குள் வந்துவிட்டது. பழைய ஆட்கள் இதை எப்போதும் செய்துவந்தார்கள். இதைவிடச் செலவில்லாத நடைத் திருத்தம் கிடையாது.

போதவில்லை என்றால் மெக்கானிக். பின்மூடியைத் திறந்ததும் பேலன்ஸ் சக்கரத்தின் மேலே பாலம் போன்ற ஒரு தகடு தெரியும். அதன் மேல் இரண்டு சிறு நெம்புகோல்கள். ஒன்று ரெகுலேட்டர். அதன் முனையில் இரண்டு ஊசிகள். அவற்றின் நடுவே சுருளின் வெளிவளையம் நுழைந்து போகிறது. ஊசிகள் நகர்ந்தால் வேலை செய்யும் சுருளின் நீளம் மாறும். குட்டையானால் விறைப்பு கூடி முந்தும், நீளமானால் பிந்தும். பக்கத்தில் கூட்டலும் கழித்தலும் பொறித்திருக்கும். இன்னொரு நெம்புகோல் டிக்கும் டாக்கும் சம இடைவெளியில் விழச் செய்வது. அவசரத்தில் அதைத் தொட்டுவிட்டால் வாட்ச் நொண்டும். மெக்கானிக் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, மூச்சை அடக்கி, முனை மெலிந்த குச்சியால் ரெகுலேட்டரைத் தட்டுகிறார். தள்ளுவதில்லை, தட்டுகிறார். கண்ணுக்குத் தெரியாத அந்த நகர்வு நாளுக்குப் பத்து விநாடியை மாற்றிவிடும்.

பக்கத்தில் டைம்கிராஃபர் இருந்தால் பலன் உடனே தெரியும். வாட்ச்சை மைக் வைத்த தாங்கியில் பொருத்தினால், அது ஒவ்வொரு அடியையும் கேட்டுத் திரையில் புள்ளி வைக்கும். புள்ளிக்கோடு மேலே ஏறினால் முந்துகிறது, கீழே இறங்கினால் பிந்துகிறது. இரண்டு கோடுகளாகப் பிரிந்து தெரிந்தால் டிக்கும் டாக்கும் சமமாக இல்லை. நமக்கு ஒன்றாகக் கேட்கும் ஒரு டிக்குக்குள் அடுத்தடுத்து மூன்று தட்டல்கள் இருக்கின்றன. முதல் தட்டலுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள இடைவெளியை வைத்துச் சக்கரம் எத்தனை பாகை ஆடுகிறது என்பதையும் கருவி சொல்லிவிடும். இதற்கு எந்திரத்துக்கு உரிய தூக்குக் கோணத்தை (லிஃப்ட் ஆங்கிள்) கருவியில் பதிய வேண்டும். என்ஹெச்35க்கு அது 53 பாகை.

நம் ஊரின் மூத்த மெக்கானிக்குகளில் பலரின் கை பழகியது எச்எம்டியில். சிட்டிசன் கூட்டோடு 1961இல் பெங்களூரில் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையின் ஜனதாவும் பைலட்டும் மணிக்கு 18,000 அடி, 17 கல் வைத்தவை. தமிழ்நாட்டில் கல்யாணச் சீராகவும் பரிசாகவும் கைமாறியவை. 1984இல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் காலத்தைக் கொண்டுவந்தது. எச்எம்டி வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016இல் முடிவெடுத்தது. குவார்ட்ஸுக்கு ரெகுலேட்டரைத் தட்டும் வேலை கிடையாது. பேட்டரி மாற்றத் தெரிந்தால் கடை நடத்தலாம் என்றாகி, தட்டத் தெரிந்த கைகள் அருகிப்போயின. மெக்கானிக்கல் வாட்ச் மறுபடி விற்கத் தொடங்கியிருக்கும் இந்த நேரத்தில், அந்தக் கைகளிடம் வேலை கொடுத்துப் பக்கத்தில் இருந்து பார்ப்பது புது வாட்ச் வாங்கிய ஒவ்வொருவருக்கும் கிடைத்திருக்கும் நல்ல வாய்ப்பு என்றே நினைக்கிறேன். வாரண்டி இருக்கும் வரை கம்பெனி சர்வீஸ் சென்டர்தான். வெளியே திறந்தால் வாரண்டி போய்விடும்.

போகும்போது குறித்துவைத்த தாளையும் கொண்டுபோங்கள். "ஃபாஸ்டா ஓடுது அண்ணே" என்று மட்டும் சொன்னால் அவர் மேஜையில் படுக்கவைத்து பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து தந்துவிடுவார். உங்கள் கையில் அது வேறு எண்ணைக் காட்டும். "கையில் 14 முந்துது, ராத்திரி சாவி கீழ வச்சா 4 பிந்துது" என்று சொன்னால், எவ்வளவு தட்டுவது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். மிகச் சரியாகப் பூஜ்யம் வேண்டாம், இரண்டு மூன்று விநாடி முந்தும்படி வையுங்கள் என்று கேளுங்கள். முந்தின வாட்ச்சைத் திருத்துவது எளிது. சாவியை இழுத்தால் விநாடி முள் நிற்கும் வாட்ச் என்றால், அப்படி நிறுத்தி, உண்மையான நேரம் வந்து சேரும் வரை காத்திருந்து அழுத்தினால் போதும். தாளில் நிலைக்கு நிலை அரை நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் தெரிந்தாலோ, முழுச் சாவி கொடுத்தும் ஆட்டம் 220 பாகைக்குக் கீழே இருந்தாலோ ரெகுலேட்டரைத் தொடவே கூடாது. அது சக்கரத்தின் எடைச் சமன், எண்ணெய், சுருளின் வடிவம் சார்ந்த வேலை. புது வாட்ச் என்றால் அதே தாளோடு வாங்கிய கடைக்கே திருப்பிக் கொண்டுபோக வேண்டியதுதான்.